ஒம்பதாம் நம்பர் டப்பா

ஊறுகாய் இல்ல சார். நீங்க மூக்கைச் சுளிக்கிறதைப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். கண்டக்டரும் ஏறும்போதே கேட்டுட்டாரு, பையில என்னய்யா காடியா கொண்டு போறீருன்னு. காடியும் இல்ல. சினிமா பிலிமு. ஒரே ஒரு ரீலு. நாப்பத்தி மூணு வருசம் டப்பாவுக்குள்ளயே கெடந்தா பிலிமு இப்படித்தான் புளிச்சுப் போவும். சன்னலை நல்லாத் தொறந்து விட்டுக்கிடுங்க. திருநேலி வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கிடணும். வேற சீட்டும் இல்ல.

எம் பேரு கோமதிநாயகம். வேலாங்குளத்துல தியேட்டர் ஆபரேட்டரா இருந்தேன், முப்பத்தோரு வருசம். இப்ப அந்தத் தியேட்டரு இல்ல, கல்யாண மண்டபம் ஆயிட்டு. நான் நின்னு படம் ஓட்டுன ரூமுல ஏசி மிசினை வச்சிருக்கான். போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயி எட்டிப் பாத்தேன். சரி, அது கெடக்கட்டும்.

நீங்க ராக்கெட் படம் பாத்திருக்கீங்களா? போஸ்டர்ல நீளமா ஒரு பேரு போட்டிருந்தான். டப்பிங் படம்தானே, அந்தப் பேரை ஒருத்தனும் சொல்லலை. எல்லாருக்கும் ராக்கெட் படம். பாத்திருக்கீங்களா? பாக்காத ஆளு உண்டா அந்தக் காலத்துல. சின்ன வயசுல பாத்ததா? கதை மறந்துட்டா? நல்லது. மறந்த ஆளுகிட்டதான் இதைச் சொல்ல முடியும். ஞாபகம் உள்ளவன் சண்டைக்கு வந்துருதான்.

அஞ்சு பேரு ராக்கெட்டுல போறாங்க. அதுல கேப்டன் ஒருத்தரு. எஞ்சினைப் பாத்துக்கிடுறவன் ஒருத்தன், தலையில ஒத்த முடி கெடையாது. ஊர்ல அவனுக்கு மொட்டைன்னே பேரு வச்சாச்சு. நடுவானத்துல ஒரு கல்லு வந்து ராக்கெட்டுல மோதிருது. கேப்டன் வெளிய எறங்கி ரிப்பேரு பாக்காரு. அந்த நேரம் பாத்து மொட்டை உள்ள இருந்து கதவைச் சாத்திருதான். சாத்திட்டு ராக்கெட்டைக் கெளப்பிட்டுப் போயிருதான். கேப்டன் ஒத்தையில அந்தரத்துல மெதக்காரு. இது எட்டாம் ரீலு. இந்த எடத்துல தியேட்டர்ல பொம்பளைங்க கொடுக்கிற சாபம் இருக்கே, அந்த நடிகரு எந்தத் தேசத்துல இருந்தாரோ, அவருக்கு அன்னைக்கு விக்கல் எடுத்திருக்கும்.

பத்தாம் ரீலுல கேப்டன் ராக்கெட்டுக்குள்ள உக்காந்து ஓட்டிட்டு வாராரு. மொட்டையக் காணோம். மத்த மூணு பேரு என்ன ஆனாங்கன்னு ஒருத்தனும் கேக்கலை. அப்ப என்ன அர்த்தம்? கேப்டன் எப்படியோ உள்ள வந்துட்டாரு, மொட்டையப் போட்டுத் தள்ளிட்டாரு. விசிலு, கைத்தட்டு, சில்லறையைத் திரையில விட்டு எறியிறான். எங்க ஊர்ல மொத்தம் அறுபத்தி ரெண்டு நாள் அந்தப் படம் இப்படித்தான் ஓடிச்சு.

நடுவுல ஒம்பது எங்கன்னு கேக்கீங்களா? இந்தா, எங் காலடியில இருக்கு.

கோவப்படாதீங்க. மொதல்ல எங்க தொழில் என்னன்னு கேட்டுட்டு அப்புறம் கோவப்படுங்க. பொங்கலுக்கு நாலு நாள் அஞ்சு காட்சி ஓட்டணும். ஒரு காட்சிக்குப் பத்து நிமிசம் மிச்சம் புடிச்சாத்தான் அஞ்சு காட்சி நிக்கும். சர்க்கார் நியூஸ்ரீலைத் தொட முடியாது, கட்டாயம் போடணும். ஸ்லைடு விளம்பரத்தைத் தொட்டா ஜவுளிக்கடைக்காரரு சண்டைக்கு வருவாரு. அப்ப வெட்டுறதுக்கு மிச்சம் இருக்கிறது படம் மட்டும்தான். எல்லா ஊர்லயும் உள்ள பழக்கந்தான் இது. தமிழ்ப் படம்னா பாட்டைத் தூக்கிருவோம், ஒருத்தனும் கேக்க மாட்டான், பாட்டுக்கு எந்திரிச்சுப் போயி பீடி குடிச்சுட்டு வாரவன்தான் பாதிப் பேரு. இந்தப் பாழாப்போன படத்துல பாட்டே கெடையாது. ஒரே ஒரு பாட்டு இருந்திருந்தா இன்னைக்கு நான் இந்தப் பஸ்ஸுல உக்காந்திருக்க மாட்டேன் சார்.

போகி அன்னைக்கு மதியம்தான் மொத காட்சி. முழுசா ஓட்டினேன். முப்பது நாப்பது பேரு இருந்திருப்பாங்க, அதுல பாதி மில்லுல ராத்திரி ஷிப்டு பாத்துட்டு பேனுக்கு அடியில தூங்க வந்தவன். காட்சி முடிஞ்சதும் மேனேஜர் சங்கரலிங்கம் அண்ணாச்சி மேல ஏறி வந்தாரு. "கோமதி, நாளைக்கு அஞ்சு காட்சி. பத்து நிமிசம் கொறையணும். பாத்துக்கோ. வெளிய மூச்சு விடக் கூடாது, படம் கொடுத்த கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சா பெட்டியைத் தூக்கிருவான், கலெக்டராபீசுக்குத் தெரிஞ்சா லைசென்ஸு போயிரும்"னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு. எந்த ரீலுன்னு அவரு சொல்லலை. இதை நான் மறைக்கலை. செத்துப்போன மனுசன் மேல பழியைப் போட்டுட்டுப் போறவன் நான் இல்ல. எந்த ரீலுன்னு முடிவு பண்ணது நாந்தான்.

ஒம்பதைத் தூக்கினேன். ஏன்னா அதுல ஒண்ணுமே நடக்காது சார். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாங்க. மொட்டை ராக்கெட்டுக்குள்ள தீப் புடிச்சதைப் பாத்துட்டுத்தான் கதவைச் சாத்திருக்கான். உள்ள இருக்கிற மூணு பேரைக் கொண்டு போயி பத்திரமா எறக்கி விட்டுட்டு, ஒத்தையாத் திரும்பி வாரான். கேப்டனுக்குக் காத்து தீந்து போச்சு. தன் முதுகுல இருக்கிற காத்துச் சிலிண்டரைக் கழத்தி அவருக்கு மாட்டி விட்டு, நீ போ, ஒனக்குப் புள்ளை இருக்குங்கான். அவன் அங்கயே தங்கிருதான். அப்புறம் ரெண்டு நிமிசம் சத்தமே கெடையாது. சத்தம் இல்லைன்னா சனம் "ஆப்பரேட்டர்!"னு கத்தும், ஸ்பீக்கர் போச்சுன்னு நெனச்சிரும். அந்த ரீலை வச்சுக்கிட்டு எந்த ஆபரேட்டருக்கும் நிம்மதி இருக்காது.

பொங்கல் முடிஞ்ச பெறவும் அதைத் திருப்பி மாட்டலை. நான் இப்பவும் சொல்லுதேன், அந்த ரீலு இல்லாமத்தான் படம் நல்லா இருந்துச்சு. வில்லன்னா வில்லனா இருக்கணும். கெட்டவன் கதவைச் சாத்துனான், நல்லவன் வந்து சேந்தான், முடிஞ்சு போச்சு. அதுல கொண்டு போயி அழுகையை வச்சா என்னத்துக்கு? சங்கரலிங்கம் அண்ணாச்சியே எங்கிட்ட சொன்னாரு, "ஏய், வெள்ளைக்காரனுக்கு வெட்டத் தெரியலை, ஒனக்குத் தெரிஞ்சிருக்கு"ன்னு. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. அந்தச் சொல்லுல உச்சி குளுந்து போச்சு சார்.

ஆனா போகி அன்னைக்கு வந்த அந்த நாப்பது பேர்ல தூங்காத ஆளு ஒருத்தரு இருந்தாரு. ஜெபமணி சார்.

எங்க ஊர் ஹைஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார். சொந்த ஊரு நாம இப்ப பஸ் ஏறுன நாசரேத். என்னைவிட எட்டு வயசு மூத்தவரு. நான் எட்டாங் கிளாஸோட நின்னவன். ஆபரேட்டர் லைசென்ஸுக்குப் பரீச்சை எழுதணும்னு சொன்னப்ப, புரொஜக்டர்ல கார்பன் குச்சி எப்படி எரியுது, வெளிச்சம் எப்படி வருது, கரண்டு எந்தப் பக்கம் போவுதுன்னு மூணு மாசம் தெனமும் சாயங்காலம் தன் வீட்டுல வச்சுச் சொல்லிக் கொடுத்தவரு அவருதான். படிச்சு முடிச்சதும் அவுக வீட்டு அம்மா சாப்பிட வச்சுத்தான் அனுப்பும். அந்த லைசென்ஸுலதான் எம் புள்ளைங்க ரெண்டும் வளந்துச்சு. இதையும் மறைக்காமச் சொல்லிட்டேன்.

அவருக்கு அந்தப் படம்னா உசுரு. அதுலயும் அந்தப் பத்து நிமிசம். டீக்கடையில வச்சு எல்லார்கிட்டயும் சொல்லுதாரு, "மத்த ரீலெல்லாம் அந்த ஒரு சீனுக்காகத்தான்யா. மொட்டைதான் அந்தப் படத்துக்கே ஹீரோ." கேக்கிறவன் எல்லாம் சிரிக்கான். "மொட்டை திரும்பி வந்தானா? எந்தப் படத்துல சார்?" இவரு வெவரமாச் சொல்லுவாரு. சிலிண்டரைக் கழத்தும்போது அவன் கை நடுங்குறதைக்கூடச் சொல்லுவாரு. எல்லாரும் அதே படத்தைத்தானே மூணு தடவை நாலு தடவை பாத்திருக்கான். சிரிக்காம என்ன செய்வான்?

நான் அங்க டீ குடிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன். கிளாஸைக் கொடுத்துட்டு வந்துருவேன்.

முப்பதாம் நாள்னு நெனைக்கேன். அந்த சீனைக் காட்டணும்னு வீட்டு அம்மாவைக் கூட்டிட்டு மாட்டினி காட்சிக்கு வந்துட்டாரு. எட்டாம் ரீலு முடிஞ்சு பத்தாம் ரீலு ஓடுது. நான் ஓட்டை வழியா கீழ பாக்குதேன். அவரு பாதியில எந்திரிச்சு நின்னுட்டாரு. பின்னால இருந்தவன் உக்காருய்யான்னு கத்துதான். படம் முடிஞ்சதும் ரூமுக்கு ஏறி வந்தாரு. வேர்த்து ஊத்துது அவருக்கு.

"கோமதி, அந்த சீன் எங்கவே?"

"எந்த சீன் சார்?"

"மொட்டை திரும்பி வாரானே, அது."

"அப்படி ஒண்ணும் இல்லையே சார். கனவையும் படத்தையும் போட்டுக் கொழப்பிக்கிட்டீங்களா? அன்னைக்கு மதியம் நல்ல புழுக்கம். கண் அசந்திருப்பீங்க."

நான் ஸ்டூலுல உக்காந்திருந்தேன் சார். அந்த ஸ்டூலு ஒசரம் பத்தாதுன்னு டப்பாவை மேல வச்சு, துண்டை விரிச்சு, அதும்மேலதான் உக்காந்திருந்தேன். இதே டப்பா. அவரு எனக்கு மூணடி தூரத்துல நின்னு கேக்காரு, நான் அதும்மேல உக்காந்துக்கிட்டு இல்லைங்கேன். எந்திரிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். வாத்தியார் வந்தா எந்திரிக்கணும்னு எட்டாங் கிளாஸு வரைக்கும் படிச்சவனுக்குத் தெரியாதா? அன்னைக்கு நான் எந்திரிக்கலை.

லைசென்ஸு போயிரும்னு பயம். அது ஒண்ணு. இன்னொண்ணும் உண்டு. எனக்கு அந்த ரீலு பிடிக்கலை. பிடிக்காததை இல்லைன்னு சொல்லுறது பெரிய பொய்யாத் தெரியலை அப்ப.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. அம்பதாம் நாளைக்கு எங்க ஊரு இளைஞர் மன்றத்துக்காரன் பட்டிமன்றம் வச்சுட்டான். இப்ப நெனச்சா சிரிப்பா இருக்கு. காந்தி மைதானத்துல மேடை போட்டு, சீரியல் லைட்டுக் கட்டி, மொட்டை துரோகியா தியாகியான்னு தலைப்பு. துரோகின்னு பேச மூணு பேரு அடிச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கான். தியாகின்னு பேச ஆளே இல்ல. நோட்டீஸ்ல எடம் விட்டு வச்சிருந்தான். நம்ம சார் தானாப் போயி பேரைக் கொடுத்துட்டாரு. அவுக வீட்டு அம்மா எங்கிட்ட வந்து அழாத குறையாச் சொல்லிச்சு, "தம்பி, நீங்க சொன்னா கேப்பாக, வேண்டாம்னு சொல்லுங்க"ன்னு. நான் சொல்லலை. சொல்லப் போனா எதுக்கு வேண்டாங்கிறேன்னு கேப்பாரே.

சாயங்காலம் ஆறு மணி. மைதானம் பூரா சனம். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு மொத வரிசையில நாற்காலி. நானும் ஓரமா நிக்கேன். சார் பேச எந்திரிச்சாரு. என்ன பேச்சு சார் அது! படத்தை அப்படியே ஓட்டிக் காட்டிட்டாரு. தீப் புடிச்சது, கதவு சாத்துனது, மூணு பேரை எறக்கி விட்டது, திரும்பி வந்தது. "ஒருத்தன் கதவைச் சாத்துறதை மட்டும் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிராதீங்க, அவன் திரும்பி வாரானான்னு உக்காந்து பாருங்க"ன்னு சொன்னாரு. முன்னால இருந்த கெழவிங்க கண்ணைத் தொடைக்கு. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. படத்துல பாத்தப்ப எனக்கு அப்படி இல்ல.

அப்ப எதிரணிக்காரன் எந்திரிச்சான். "நடுவர் அவர்களே, படத்துல இல்லாத சீனைச் சொல்லித் தீர்ப்பு வாங்கலாமா?"ன்னு கேட்டான். ஒரே சிரிப்பு. சார் அசரலை. "நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்"னாரு. நடுவரு நல்ல மனுசன், தமிழ்ப் புலவரு. சண்டை வேண்டாம்னு நெனச்சு, "இதை இருநூறு தடவை பாத்த ஆளு இங்கயே இருக்காரே, ஆபரேட்டரையே கேட்டுருவோம்"னுட்டாரு.

மைக்கைக் கொண்டு வந்து எங் கையில கொடுத்துட்டான் சார்.

சார் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. அவருக்கு என்னைப் பாத்ததும் தைரியம் வந்துட்டு. கோமதி இருக்காரு, மேடையில பொய் சொல்ல மாட்டாரு, அந்த ரூமுல ஏதோ ஞாபக மறதியாச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சிருக்காரு. தலையை ஆட்டுதாரு, சொல்லுங்கிற மாதிரி. இந்தப் பக்கம் அண்ணாச்சி கால் மேல கால் போட்டுக்கிட்டு என்னையே பாக்காரு.

"அப்படி ஒரு சீன் கெடையாதுங்கய்யா"ன்னேன்.

அஞ்சு வார்த்தைகூட இருக்காது.

மைதானமே எந்திரிச்சு ஊளையிட்டுச்சு. சார் நடுவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு மேடைக்குப் பின்பக்கமா எறங்கிப் போயிட்டாரு. செருப்பை மேடைக்கு முன்னால விட்டிருந்தாரு. அதை எடுக்க வரலை. நாந்தான் எடுத்துக்கொண்டு போயி அவுக வீட்டு வாசல்ல வச்சுட்டு, கூப்பிடாம வந்துட்டேன்.

அதுக்கு மேல ஊரு சும்மா இருக்குமா? தலை நெறைய முடி உள்ள மனுசனுக்கு மொட்டை வாத்தியார்னு பேரு விழுந்துட்டு. கிளாஸ்ல, நான் மைக்ராஸ்கோப்புல பாத்திருக்கேன்னு ஆரம்பிச்சாப் போதும், "படத்துலயா சார்?"னு பயலுவ கோரஸ் போடுவானாம். ஜூன் மாசம் மாத்தல் கேட்டு வாங்கிட்டாரு. லாரியில சாமான் ஏத்தும்போது நான் போனேன், ஒரு கை கொடுக்கலாம்னு. பீரோவைப் புடிச்சு ஏத்தினேன். அப்ப எங்கிட்ட சொன்னாரு, "நீரு சொன்னாச் சரியாத்தான்வே இருக்கும். இருநூறு தடவை பாத்தவரு. எனக்குத்தான் ஏதோ கொழப்பம்." நெசமாவே அப்படி நெனச்சுத்தான் சொன்னாரு. என்னைக் குத்திக் காட்டுறதுக்காகச் சொல்லியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

ரீலைத் திருப்பி வச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. பட்டிமன்றம் முடிஞ்ச அன்னைக்கே, எவனாவது ரூமைச் சோதிச்சிருவானோன்னு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். படத்தைத் தூக்குறப்ப கம்பெனிக்காரன் வந்தான். அவன் டப்பாவைத்தான் எண்ணுவான், தொறந்து பாக்க மாட்டான். பன்னெண்டு டப்பா இருக்கணும். வேற ஒரு டப்பாவுக்குள்ள பழைய பல்பொடி விளம்பர பிலிமைச் சுத்தி வச்சு, ஒம்பதுன்னு சீட்டு ஒட்டிக் கொடுத்து விட்டுட்டேன். அந்தப் பெட்டி அடுத்துப் போன சங்கரன்கோயில்லயும் கடையநல்லூர்லயும் கேப்டன் அந்தரத்துல மெதக்கும்போது ஒரு பொம்பளை பல் வெளக்கியிருப்பா. சிரிக்காதீங்க சார். சிரிங்க, நானும் சிரிச்சிருக்கேன்.

நாப்பத்தி மூணு வருசம். நடுவுல போயிச் சொல்லியிருக்கலாம்தான். பொண்ணு கல்யாணம், பையன் வேலை, ஒண்ணு மாத்தி ஒண்ணு. தியேட்டரு மூடுனப்ப சொல்லிருவோம்னு நெனச்சேன், லைசென்ஸே போயிட்டு, இனி என்ன பயம்னு. அப்பவும் போகலை. கிறிஸ்மஸுக்கு மட்டும் வருசம் தவறாம வாழ்த்துக் கார்டு போட்டேன். அவரும் பொங்கலுக்குப் போடுவாரு.

போன வாரம் அவரு மக எஸ்தர் போன் பண்ணிச்சு. அவுக அம்மா தவறினதுல இருந்து அதுதான் கூட இருந்து பாக்கு. "அங்கிள், அப்பா சொல்லுவாகளே ஒரு சினிமா, அது இப்ப புதுசு மாதிரி க்ளியரா டிவியில வந்திருக்கு. போட்டுக் காட்டினேன். அப்பா சொன்ன சீன் இருக்கு அங்கிள்! அப்படியே இருக்கு, கை நடுங்குறதுகூட"ன்னு சொல்லிச்சு. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லு எறங்கின மாதிரி இருந்துச்சு. அப்பாடா, தெரிஞ்சு போச்சு, நாம சொல்லாமலே முடிஞ்சு போச்சுன்னு.

முடியலை சார். எஸ்தர் சொல்லுது, "ஆனா அப்பா நம்ப மாட்டேங்காக. இது கம்ப்யூட்டர்ல இப்ப புதுசாச் சேத்தது, அப்ப கெடையாது, கோமதியே மேடையில சொன்னாருங்காக. நீங்க ஒரு தடவை வந்து, இது பழைய சீன்தான்னு சொன்னா போதும். நீங்க சொன்னா நம்புவாக."

இன்னொண்ணும் சொல்லிச்சு. அந்த வருசத்துல இருந்து அவரு எதைப் பாத்தாலும் நோட்டுல தேதி போட்டு எழுதுவாராம். பக்கத்துல வேற யாரு பாத்தாங்கன்னும் எழுதுவாராம். வால் நட்சத்திரம் வந்துச்சே எம்பத்தாறுல, அதைப் பாத்துட்டு, வீட்டு அம்மாவை எழுப்பி, "நீயும் பாக்கியா? நெசமாவே தெரியுதா?"ன்னு கேட்டுட்டுத்தான் மறுநாள் கிளாஸ்ல சொன்னாராம். சயின்ஸ் வாத்தியார் சார். கண்ணால பாத்ததை மட்டும் நம்புன்னு எனக்கே சொல்லிக் கொடுத்தவரு.

போனை வச்ச கையோட பரண்ல ஏறி இந்த டப்பாவை எடுத்தேன். இன்னைக்குக் காலையில நாசரேத்துக்குக் கெளம்பி வந்துட்டேன்.

ஜெபமணி சார் வாசல்லயே நிக்காரு. எழுபத்தேழு வயசு. முடி அப்படியே இருக்கு, வெள்ளையா. கண்ணுதான் மங்கலு. "வாரும்வே, வாரும்"னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. மீன் கொழம்பு வச்சிருந்துச்சு எஸ்தர். சாப்பிட்டுக்கிட்டே படத்தைப் பத்திப் பேச்சு வந்துட்டு. ரெண்டு பேரும் பழையபடி சண்டை. அந்த சீன் படத்துக்குத் தேவையே இல்லைங்கேன் நான். அது இல்லாட்டி படமே இல்லைங்காரு அவரு. "நல்ல சீனுதான்வே, ஆனா அப்ப இல்ல, இப்பத்தான் சேத்திருக்கான்"னு அவரே முடிச்சும் வைக்காரு. ஒரு அரை மணி நேரம் சந்தோசமா இருந்தேன் சார், பொய் சொல்லப்படாது. வந்த சோலியே மறந்துட்டு.

கை கழுவிட்டு வந்து டப்பாவை எடுத்து முன்னால வச்சேன். சொல்லிட்டேன். அண்ணாச்சி சொன்னது, நான் தூக்குனது, ஸ்டூலு, மேடை, பல்பொடி, எல்லாம். ஒண்ணு விடாமச் சொன்னேன். எஸ்தர் அடுப்படி வாசல்ல தட்டைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கு.

அவரு டப்பாவைத் தடவிப் பாத்தாரு. பெறவு, "தொறயும் பாப்போம்"னாரு.

மூடி துருப் புடிச்சு வரலை. கத்தியை விட்டு நெம்பினேன். வீடு பூரா இந்த வாசம். உள்ள பிலிமு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாப் போயிருக்கு. ஓரத்துல நெம்பினா சில்லு சில்லா ஒடியுது. ஒரு துண்டை எடுத்து அவரு கையில கொடுத்தேன். சன்னல் கிட்டப் போயி வெயில்ல தூக்கிப் புடிச்சுப் பாத்தாரு. கண்ணாடியைப் போட்டுப் பாத்தாரு, கழத்திப் பாத்தாரு. "ஒண்ணும் தெரியலையேவே"ன்னாரு. நான் வாங்கிப் பாத்தேன். நெசமா ஒண்ணும் இல்ல. செவப்பா ஒரு அழுக்கு, அம்புட்டுத்தான்.

"சார், இது ஒம்பதுதான் சார். சத்தியமா ஒம்பதுதான்"னேன்.

அவரு எந் தோள்ல கையை வச்சாரு. "கோமதி, எஸ்தர் ஒம்மகிட்ட என்ன சொல்லிக் கூப்பிட்டாள்னு எனக்குத் தெரியும். அப்பனைத் தேத்தணும்னு அவளுக்கு ஆசை. நீரும் அதுக்காக ஏதோ பழைய டப்பாவைத் தேடி எடுத்துக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீரு. எனக்காக ஒம்மையே கெட்டவனாச் சொல்லிக்கிடுதீரு பாரும், இதை யாரு செய்வா?"

நான் கால்ல விழாத குறையாச் சொல்லுதேன் சார், நெசம்னு. அவரு சிரிக்காரு. நெசத்தைச் சொல்லும்போது என் மூஞ்சி எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியாது, பாவம். பொய் சொல்லும்போதுதான் பாத்திருக்காரு.

கெளம்பும்போது ஜெபம் பண்ணாம விட மாட்டேன்னுட்டாரு. எந் தலையில கையை வச்சு, கண்ணை மூடி, "கர்த்தாவே, ஒரு சிநேகிதனைத் தேத்துறதுக்காக இந்த மனுசன் இன்னைக்குச் சொன்ன பொய்யை மன்னியும். இவருடைய நல்ல மனசைப் பாரும்"னு ஜெபிச்சாரு. நான் கண்ணை மூடலை. எதுக்க எஸ்தரும் மூடலை. அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அதுக்குத் தெரியும் சார். அது நம்பிட்டு. ஒரு வார்த்தை விடாம நம்பிட்டு. கேட் வரைக்கும் கூட வந்துச்சு. ஏதாவது திட்டும், திட்டட்டும்னுதான் நின்னேன். பையை எங் கையில கொடுத்துட்டு, "இதைக் கொண்டு போயிருங்க அங்கிள், வீடு பூரா நாறுது"ன்னு சொல்லிட்டுக் கேட்டைச் சாத்திட்டு.

எங்க வந்திருக்கு, ஸ்ரீவைகுண்டம் பாலமா? தண்ணி நல்லாப் போவுது. எறங்கி டப்பாவை ஆத்துல போட்டுரலாமான்னு போகும்போதே தோணிச்சு. போட மனசு வரலை. போட்டுட்டா ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிரும்லா.

சார், ஒரு ஒத்தாசை. சட்டைப் பையில ஒரு துண்டு வச்சிருக்கேன். அவரு பாத்த அதே துண்டு இல்ல, இது வேற, கொஞ்சம் உள்ள இருந்து எடுத்தது, அங்க கேட்டுக்கு வெளிய நின்னு ஒடிச்சேன். நாலு கட்டம் இருக்கும். எங் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. உங்க பக்கந்தான் வெயிலு. ஓரத்தைப் புடிங்க, நடுவுல விரலு பட்டா உதுந்துரும். ஆங், அப்படித்தான், சன்னலுக்கு நேரா. மூணாவது கட்டத்துல உருண்டையா ஏதாவது தெரியுதா? ஒரு தலை மாதிரி?

நல்லாப் பாருங்க. பஸ்ஸு ஆடுது, நிக்கட்டும், நின்ன பெறவு பாருங்க.

தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லிருங்க சார். என்னைத் தேத்துறதுக்காகத் தெரியுதுன்னு மட்டும் சொல்லிராதீங்க.